மதகுக் கல்லில் தொங்கிய துண்டு

போன மாதம் ஒரு இளம் வனவர் எனக்குப் போன் செய்தார். குண்டுப்பாறை ஏரிக்கரையில் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு மறைப்பு கட்டப்போகிறார்களாம். கேமராக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து படம் எடுப்பார்களாம்.

"சார், அந்தக் காலத்துல வாத்து வேட்டைக்கு நீங்க கட்ன மறைப்பு மாதிரி யாரும் கட்டலன்னு பெரியவங்க சொல்றாங்க. எப்படிக் கட்னீங்க, எப்படிப் பறவை பாத்தீங்கன்னு நம்ம ஓய்வூதியர் மலருக்கு எழுதிக் குடுங்க சார். ஜாலியா இருக்கட்டும்."

எழுதுகிறேன். ஜாலியாக இருக்காது. பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போடுங்கள். ஆனால் பாதியை வெட்டிவிட்டு மீதியைப் போடாதீர்கள்.

நான் செங்கத்துக்குக் கீழே ஒரு கிராமத்துக்காரன். எங்கள் தெருவில் எல்லோரும் கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கர்கள். எழுபதுகளின் நடுவில் ஜவ்வாது மலையில் வனத்துறை வாட்சராகச் சேர்ந்தேன். தினக்கூலி. பயிற்சி என்று ஒன்றும் இல்லை. ஒரு காக்கிச் சட்டை, ஒரு தடி. பழைய ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் இரண்டு மாதம் கூடவே அழைத்துப் போனார். சந்தன மரம் எது, அதை வெட்டுகிறவன் எந்த வழியாக இறங்குவான், பாம்பு கடித்தால் யாரிடம் ஓடவேண்டும் என்று சொன்னார். அவ்வளவுதான். மூன்றாவது மாதம் ரேஞ்சர் கூப்பிட்டு, "ஏரிக்குப் போய் எத்தனை சிறகி வாத்து இருக்குன்னு எண்ணிட்டு வா" என்றார். அன்றிலிருந்து குளிர்காலம் முழுவதும் எனக்கு அதுதான் வேலை.

அப்போது வாத்து சுடுவது குற்றம் இல்லை. லைசென்ஸ் வாங்கினால் சீசனில் சுடலாம். கீழே இருந்து பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள், மில் வைத்திருப்பவர்கள், அவர்களுடைய மைத்துனர்கள் ஜீப்பில் வருவார்கள். எந்த ஏரியில் எத்தனை பறவை, எந்தத் திசையில் வந்து இறங்குகிறது, எங்கே உட்கார்ந்து சுடலாம் என்று முன்கூட்டியே பார்த்து வைப்பது ரேஞ்சர் பொறுப்பு. அது என் தலையில் விழுந்தது.

ரேஞ்சரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கத்தவே மாட்டார். கெட்ட வார்த்தை பேசமாட்டார். பேனாக்கத்தியால் கொய்யாப்பழத்தை மெல்லிசாகச் சீவிச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். பதினோரு வருடம் அவரிடம் இருந்தேன். ஒரு நாளும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வாட்சர்" என்பார், அவ்வளவுதான். நான் எந்தக் கணக்கைச் சொன்னாலும் கத்தியை நிறுத்திவிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

"எண்ணினியா, பாத்தியா?"

பார்த்தேன் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். பத்து மைல் நடந்து வந்திருந்தாலும் சரி. அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் வேலை கற்றுக்கொண்டேன். அது உண்மை. அதை மறைக்கவில்லை.

வாத்தை எண்ணுவது ஆட்டை எண்ணுவது போல இல்லை. பகலில் அது தண்ணீரில் தூங்கும். ஊசிவால் வாத்து நடு ஏரியில் மொத்தமாக மிதக்கும். சின்ன ஜாதியான கிளுவை வாத்து கரையோரக் கோரைக்குள் இருக்கும், பாதிதான் கண்ணுக்குத் தெரியும். இருட்டும்போது எல்லாம் கிளம்பிக் கீழே செங்கம் பக்கத்து நெல் வயல்களுக்கு மேயப் போகும். விடியுமுன் திரும்பும். அதனால் ஏரியை மட்டும் பார்த்தால் போதாது. எந்த வயலில் கால் தடம், எச்சம், உதிர்ந்த இறகு கிடக்கிறது என்று கீழேயும் போய்ப் பார்க்கவேண்டும். வயல் தெரிந்தால் வருகிற திசை தெரியும். வருகிற திசையும் காற்றும் தெரிந்தால் மறைப்பு எங்கே என்று தெரியும். வாத்து எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் தண்ணீரில் இறங்கும். காற்று உன் முதுகில் படவேண்டும். சூரியனும் உன் முதுகுப் பக்கம் எழவேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் ஒரு ஏரிக்கு ஒன்றுதான் இருக்கும். குண்டுப்பாறை ஏரியில் அது மதகுக்குப் பக்கத்தில் இருந்தது.

மறைப்பைச் சுடுகிற நாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே கட்டிவிடவேண்டும். பறவைக்கு அது பழகவேண்டும். பச்சைக் கோரையை வெட்டி வைத்தால் நாலு நாளில் நிறம் மாறும், பறவை சந்தேகப்படும். போன வருடத்துக் காய்ந்த கோரையைத்தான் வைக்கவேண்டும், அதுவும் அந்த ஏரிக் கோரையையே. மேலே மூடாதே, உட்கார்ந்தவன் மூக்கு மட்டத்துக்கு வை. நுழைகிற வழி பின்னால் இருக்கட்டும். தரையில் சாமை வைக்கோலைக் கனமாகப் பரப்பு. துரைகளின் பூட்ஸ் கல்லில் உரசினால் அந்தச் சத்தம் ஏரி முழுக்கக் கேட்கும். வைக்கோல் போட்டால் யானை நடந்தாலும் கேட்காது. ஜீப்பை அரை மைலுக்கு அப்பாலேயே நிறுத்து. கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல். வெள்ளைத் துணி, சிகரெட்டு, இருமல் கூடாது. இருமுகிறவனை ஜீப்பிலேயே விட்டுவிடு. என் மறைப்பில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தாலும் இருபதடி தூரத்தில் நிற்கிறவனுக்குக் கூடத் தெரியாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போதுமா தம்பி? மறைப்பு கட்டுவது இவ்வளவுதான். இனி நீங்கள் கேட்காததை எழுதுகிறேன்.

நான் ரேஞ்சரிடம் சொன்ன கணக்கில் பாதி என் கணக்கு இல்லை. சடையன் கணக்கு. சடையன் மேல்காட்டுக்காரன், மலை விவசாயி. கொஞ்சம் சாமை, நாலு புளிய மரம். குளிர்காலத்தில் பானை போட்டு வாத்து பிடிப்பான். அந்த ஊரில் ஏழெட்டுப் பேருக்கு அது தெரியும், அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அடுப்பில் கறுத்த பழைய பானைகளின் வாயில் வைக்கோலை அடைத்து, மண்ணைப் பூசி, ஏரியில் கவிழ்த்து மிதக்கவிடுவார்கள். நாரால் ஒரு கல்லில் கட்டியிருக்கும். அஞ்சாறு பானை நாள் கணக்கில் அங்கேயே மிதக்கும். வாத்துகளுக்குப் பழகிவிடும், பக்கத்திலேயே தூங்கும். பிறகு ஒரு நாள் விடியுமுன், கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் இறங்குவான். தரையில் கால் ஊன்றி மெல்ல மெல்ல நடப்பான். வாத்துக் கூட்டத்துக்குள் போய் நின்று, தண்ணீருக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுப்பான். ஒரு சத்தம் வராது. பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது. இரண்டு மூன்று பிடித்ததும் கரையேறிவிடுவான். அதற்கு மேல் அந்தக் குளிரில் யாரும் நிற்க முடியாது.

அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்ணீரில் இறங்குகிறவன் தன் துண்டை மதகுக் கல்லில் தொங்கவிட்டுத்தான் இறங்கவேண்டும். துண்டு தொங்கினால் ஏரிக்குள் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். யாரும் கல் எறியக்கூடாது, மாட்டை இறக்கக்கூடாது, கவண் வீசக்கூடாது. துண்டு போடாமல் இறங்கினவனுக்கு எது நடந்தாலும் ஊர் கேட்காது. எனக்கு அதைச் சொன்னவன் சடையன்தான்.

சடையன் வாய் சும்மா இருக்காது. நான் கரையில் உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணுவதைப் பார்த்துச் சிரிப்பான்.

"இன்னாபா அந்தோணி, கவர்மெண்டு எண்றதுக்கு ஆள் வெச்சிக்கீது. எண்ணத் தெரிஞ்ச ஆள வெக்கலியே."

"நீ சொல்லேன்டா பாக்கலாம்."

"அந்தக் கோரைக்குள்ள நாப்பது கிளுவை கீது. நேத்து அதுங்க நடுவுல நின்னுக்கினு இருந்தேன். நீ கரைல குந்திக்கினு வாலை எண்ற. நான் கீழ நின்னு காலை எண்றேன். யார் கணக்கு சரி?"

அவன் கணக்குத்தான் சரி. அதைத்தான் நான் ரேஞ்சரிடம் போய், "எண்ணினேன் சார்" என்பேன். பதிலுக்கு நான் செய்தது ஒன்றுதான். துரைகள் வருகிற நாளை அவனுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன், அன்றைக்கு இறங்காமல் இருப்பதற்காக. அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. நாற்பது வாத்தைச் சுட்டு ஜீப்பில் போடுகிறவன் விருந்தாளி. காலைப் பிடித்து இரண்டு இழுக்கிறவன் திருடன். சட்டம் அப்படி இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி. பெரிய இடத்து விருந்தாளி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. சடையனிடம் சொல்லிவிட்டேன். "ஞாயித்துக்கிழமை எறங்காத" என்றேன். "சரி, அவனுங்க சுட்டா அப்பறம் பத்து நாளைக்கு ஒண்ணும் தங்காது. அதுக்கு முன்ன நாலு புடிச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேஞ்சர் கூப்பிட்டு, "வாட்சர், நாளைக்கே வர்றாங்க" என்றார். மேல்காடு ஒரு மணி நேர நடை. மறைப்பில் வைக்கோல் மாற்றவேண்டும், ஜீப் நிற்கிற இடத்தைச் சுத்தம் செய்யவேண்டும். அந்த வருடம் நிரந்தரம் ஆக்குகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது. பட்டியல் ரேஞ்சர் பையில் இருந்தது. வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். முடித்தபோது கால் கெஞ்சியது. போகவில்லை.

விடிகாலை ஐந்தரைக்கு விருந்தாளியையும் அவர் கூட்டாளி ஒருவரையும் அழைத்து வந்தோம். ஒரு சத்தம் இல்லாமல் மறைப்புக்குள் உட்கார வைத்தேன். கிழக்கே லேசாக வெளுத்தது. அப்போதுதான் மதகுக் கல்லைப் பார்த்தேன். துண்டு தொங்கியது.

ரேஞ்சர் காதில் போய்ச் சொன்னேன். "சார், துண்டு கீது. ஆள் உள்ள இருக்கலாம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இருக்கானா, இருக்கலாமா?"

பார்த்தேன். இருட்டில் கறுப்பாகப் பானைகள் மிதந்தன. எது பானை, எது தலை என்று எனக்குத் தெரியவில்லை. மதகுக்குப் போய்த் துண்டைத் தொட்டேன். பனியில் சொதசொதவென்று நனைந்திருந்தது.

"நேத்து துண்டு போல கீது சார். நனைஞ்சிக் கெடக்குது."

"அப்ப எடுத்துடு. வெள்ளைத் துணி பறவைக்கு ஆகாது."

ஜவ்வாது மலை மார்கழிப் பனியில் ஒரு துண்டு நனைய அரை மணி நேரம் போதும். எனக்குத் தெரியாதா? ஏழெட்டுக் குளிர்காலம் அந்தக் கரையில் உட்கார்ந்தவன் நான். தெரிந்தேதான் சொன்னேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். "டேய் சடையா" என்று ஒரு குரல். வாத்து எல்லாம் எழும்பிப் போயிருக்கும், விருந்தாளி வெறுங்கையோடு போயிருப்பார், பட்டியலில் என் பெயர் இருந்திருக்காது. துண்டை எடுத்து மடித்து என் தோள்பைக்குள் வைத்தேன்.

உட்கார்ந்திருக்கிற பறவையைச் சுடக்கூடாது, எழும்பவிட்டுத்தான் சுடவேண்டும் என்பது வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த முறை. விருந்தாளிக்குப் பொறுக்கவில்லை. கிளுவைகள் பானைகளைச் சுற்றி நெருக்கமாக மிதந்தன. தண்ணீர் மட்டத்துக்குத் துப்பாக்கியை நீட்டி இரண்டு குழலையும் சுட்டார்.

பறவை எல்லாம் ஒரே இரைச்சலாக எழுந்தது. அந்த இரைச்சலுக்குள் பானை உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு மனிதன் கத்துகிற சத்தம்.

தோள்பையைக் கரையில் எறிந்துவிட்டுக் காக்கியோடு குதித்தேன். அவனைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தேன். முகம் முழுக்க ரத்தம், பானை ஓடு, ஈயக் குண்டு. கையில் இன்னும் ஒரு கிளுவையின் கால் இருந்தது. அது உயிரோடு அடித்துக்கொண்டிருந்தது.

"அந்தோணி தான? துண்டு தொங்க வுட்டேனேபா. துண்டு தொங்க வுட்டேனே."

கட்டுவதற்குத் துணி வேண்டும். கரையில் கிடந்த பைக்குள் கையை விட்டேன். வந்தது அந்தத் துண்டுதான். அவன் துண்டாலேயே அவன் கண்ணைக் கட்டினேன்.

விருந்தாளி, "அங்க ஆள் இருக்கான்னு யாருமே சொல்லலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ரேஞ்சர் அவன் கண்ணில் கட்டிய துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜீப்பில் வேலூருக்குப் போகும்போது சடையன் நினைவு தப்பியிருந்தான். ரேஞ்சர் முன் சீட்டிலிருந்து திரும்பாமல், எப்போதும் போல மெதுவாகக் கேட்டார்.

"வாட்சர். துண்டு அவன் இடுப்புல இருந்துச்சு. அவுத்துக் கட்டினே. அப்படித்தானே?"

"ஆமா சார்."

அவ்வளவுதான். என்னை மிரட்டவில்லை. ஒரு ஆசையும் காட்டவில்லை.

ஒரு கண் அன்றைக்கே போயிற்று. அடுத்தது ஒரு வாரத்தில் போயிற்று. விசாரணை நடந்தது. வாக்குமூலத்தை ரேஞ்சர் தன் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். லைசென்ஸ் இல்லாமல் பறவை பிடிக்க மறைந்து இறங்கினான், துண்டை இடுப்பிலேயே கட்டியிருந்தான், மதகில் எந்த அடையாளமும் இல்லை. கீழே நான் கையெழுத்துப் போட்டேன். திருட்டு வேட்டை என்று சடையன் மேல் கேஸ் போடாமல் இரக்கப்பட்டு விட்டுவிடுவதாக ரேஞ்சர் ஊர்க்காரர்களிடம் சொன்னார். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் அதையும் நின்று பார்த்தேன்.

எனக்கு வேலை நிரந்தரம் ஆனது. பிறகு கார்டு, பிறகு வனவர். இன்றைக்கு வாங்குகிற பென்ஷன் அந்தக் கையெழுத்தில் தொடங்கியது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். எந்தப் பொய் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மேல்காட்டில் அவனுக்குக் கண் போனதைவிடப் பெரிய கேடு அந்தத் துண்டால் வந்தது. கட்டுப்பாட்டை மீறினவன், பேராசையில் துண்டு போடாமல் இறங்கினவன் என்றார்கள். அவன் வீட்டுக்கே 'துண்டு போடாதவன் வூடு' என்று பெயர் வந்தது. அவன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்களாம்.

நாலைந்து வருடம் கழித்து ஜமுனாமரத்தூர் சந்தையில் அவனைப் பார்த்தேன். பெண்டாட்டி முனியம்மாவோடு சீமாறு விற்க வந்திருந்தான். நான் கடைக்காரனிடம் பேசிய குரலைக் கேட்டுத் தலையைத் திருப்பினான்.

"அந்தோணி தான? இன்னாபா, பெரிய ஆபீசர் ஆய்ட்டியாமே. இப்பவாச்சும் எண்ணக் கத்துக்கினியா?"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையை நீட்டித் துழாவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கணும், மறைக்காம சொல்லு. அன்னிக்கி துண்டு கல்லுல இருந்துச்சா, இல்லியா? நான் தொங்க வுட்ட மாதிரிதான் கீது. ஊரே இல்லன்னுது. இவ ஒருத்திதான் இருந்துச்சின்றா. எனக்கே சந்தேகமா பூட்ச்சு. நீ சொன்னா நம்பறேன்."

முனியம்மா என் முகத்தையே பார்த்தாள். ரேஞ்சர் மாறிப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பயப்பட யாருமே இல்லை. அப்படியும் சொன்னேன்.

"இல்ல சடையா. இடுப்புலதான் இருந்துச்சு."

"அப்படியா" என்றான். சட்டையை விட்டான். "அப்ப என் தப்புதான்." முனியம்மா சீமாற்றுக் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

சடையன் இரண்டு வருடத்துக்கு முன் செத்துவிட்டான். இளம் வனவர் போன் செய்த மறுநாள் பஸ் ஏறி மலைக்குப் போனேன். முனியம்மா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் 'ங்க' போட்டுப் பேசுவாள். அன்றைக்குப் போடவில்லை.

"துண்டு கல்லுலதான் இருந்துச்சு முனியம்மா. நான்தான் எடுத்தேன்."

இன்னும் இரண்டு புளியைத் தட்டினாள். "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரில அவுத்துக் குடுத்தாங்க. நான்தான தொவைச்சேன். ரத்தம் இருந்துச்சி, சேறு இல்ல. அந்த ஏரில எறங்குன துணி மூணு தொவை தொவைச்சாலும் சேறு நாறும். அது நாறல. எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? ஊருக்கு சொல்லு."

சொல்கிறேன் என்றேன். அச்சில் போடச் சொல்கிறேன், உன் பேரப்பிள்ளைகள் படிக்கட்டும் என்றேன். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். துண்டு மதகுக் கல்லில் தொங்கியது. சடையன் கட்டுப்பாட்டை மீறவில்லை. எடுத்தவன் நான்.

கிளம்பும்போது கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"சேறு இல்லன்னு அவன்கிட்ட சொல்லலியா?"

"சொல்லாம இருப்பனா? சாவற வரைக்கும் சொன்னேன். நம்பல." கொட்டையைக் கூடையில் போட்டாள். "துண்டு அங்க இருந்தா அந்தோணி பாத்திருப்பான், பாத்திருந்தா கத்தியிருப்பான்னுட்டான்."